நூலு அடித்த பாதிச் சுவர்

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். என் மருமகள் பாவப்பட்ட பிறவி இல்லை. அவள் கதையைக் கேட்டு உச்சுக்கொட்டலாம் என்று யாராவது உட்கார்ந்திருந்தால் எழுந்து போய் வேறு வேலையைப் பார்க்கலாம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவள் பெற்ற மகள் எழுதுகிறாள். அம்மாவைப் பற்றி அழகாக ஏதாவது சேர்த்தால் திரும்பப் படிக்கச் சொல்லி அதை அடித்துவிடுவேன் என்று முன்பே எச்சரித்துவிட்டேன்.

வேலையிடத்தில் என் மருமகளை நூலு என்றுதான் கூப்பிடுவார்கள். வீடு, கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவள். கூரை வெள்ளையாகவும் சுவர் வேறு நிறமாகவும் இருந்தால் இரண்டும் சேருகிற ஓரத்துக்கு மற்றவர்கள் நாடா ஒட்டி அடிப்பார்கள். இவள் ஒன்றும் ஒட்டாமல் வெறும் பிரஷ்ஷால் ஒரே இழுப்பில் பிடிப்பாள். நூல் பிடித்து இழுத்ததுபோல் இருக்கும். அதனால் வந்த பெயர்.

கல்யாணமாகி வந்த புதிதில் அவள் கட்டட வேலைக்கு வாளி தூக்கத்தான் போனாள். ஒரு நாள் ஆள் வரவில்லை என்று பிரஷ்ஷைப் பிடித்தவள் பிறகு கீழே வைக்கவே இல்லை. நான் குதித்தேன். "பொம்பளைப் பிள்ளை சாரத்துல ஏறுறதா? ஏறினா இந்த வீட்டு வாசப்படியை மிதிக்கக் கூடாது" என்றேன். அன்று சாயங்காலம் பின்பக்கத்துச் சன்னல் வழியாக உள்ளே குதித்தாள். "படியை மிதிக்கலையே அத்தை" என்று கையில் பெயிண்டோடு நின்று சிரித்தாள். அன்றைக்குத் தொடங்கியது எங்கள் இரண்டு பேருடைய சண்டை. இன்றைக்கும் நல்லபடியாக நடந்துகொண்டிருக்கிறது.

பதினெட்டு வருஷம் அப்படி ஓடியது. விழுந்த நாளைச் சுருக்கமாகத்தான் சொல்வேன். புதிதாகக் கட்டின பள்ளிக்கூடம். வெளிச்சுவர் வேலை. சாரத்தில் இரண்டு ஆள் உயரத்தில் நின்றாள். சரியாகக் கட்டாத பலகை ஒன்று புரண்டது. இரண்டு ஆள் உயரம் எல்லாம் ஒரு உயரமா என்று கேட்பீர்கள். தலை முதலில் போனால் ஒரு ஆள் உயரமே போதும்.

"ஹெல்மெட் இல்லையா?" என்று டாக்டர் கேட்டார். ஏன் இல்லை? இருந்தது. சுவரில் இருக்கிற ஓட்டை, வெடிப்பை அடைக்க வெள்ளையாக ஒரு மாவு குழைப்பார்கள். பட்டி என்று பெயர். அந்தக் கூட்டத்தில் எல்லோரும் ஹெல்மெட்டை மல்லாக்கப் போட்டு அதற்குள்தான் பட்டி குழைப்பார்கள். கைக்கு அடக்கமான கிண்ணம். வார் இருப்பதால் சாரத்தில் மாட்டித் தொங்கவிடவும் வசதி. இவள் கீழே தலை உடைந்து கிடந்தாள். இவள் ஹெல்மெட் மேலே பட்டியோடு பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

மண்டையைத் திறந்து உள்ளே கட்டியிருந்த ரத்தத்தை எடுத்தார்கள். பதினோரு நாள் கண் திறக்கவில்லை. என் மகன் பேருந்து ஓட்டுகிறவன். எத்தனை நெரிசலிலும் பதறாதவன், ஆஸ்பத்திரி வராந்தாவில் குழந்தை மாதிரி அழுதான். நான் அழவில்லை. எழுந்து வந்தால் திட்டுவதற்கு ஒரு பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாவது நாள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "அத்தை, ரெண்டாவது கோட்டு அடிச்சாச்சா?" என்றாள். பட்டியல் மறந்துபோய்விட்டது.

வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகுதான் வேடிக்கை தெரிந்தது. கை கால் அசைகிறது, பேச்சு தெளிவாக இருக்கிறது, ஆளும் அதே வாயாடி. ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் தட்டின் வலது பாதியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "ஏன் அத்தை, பாதி வயித்துக்குத்தான் போடுவீங்களா? இப்பதான் மாமியார் வேலையை ஆரம்பிக்கிறீங்களா?" என்பாள். இடது பாதியில் போட்ட சாப்பாடு போட்டபடி இருக்கும். நான் தட்டைத் திருப்பி வைப்பேன். "இப்படிக் கேட்டாத்தான் போடுறீங்க" என்று அதையும் சாப்பிடுவாள். தலை வாரினால் வலப்பக்கம் மட்டும் படிந்திருக்கும். கதவைத் தாண்டினால் இடது தோள் நிலையில் இடிக்கும். இடித்த கதவைத் திட்டுவாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். எனக்குப் படிக்கத் தெரியாததால் அவளையே படிக்கச் சொன்னேன். "நிறுத்தக் கூடாது" என்றாள். "எதை?" என்றேன். "அது போடலை. அடுத்தது, மணி நேரம் தூங்க வேண்டும்." "எத்தனை மணி நேரம்?" "அதுவும் போடலை. என்ன ஆஸ்பத்திரி இது, பாதி பாதியா எழுதியிருக்கான்." இரண்டு பேரும் சேர்ந்து ஆஸ்பத்திரிக்காரர்களை நன்றாகத் திட்டினோம். சாயங்காலம் பேத்தி வந்து வாங்கிப் படித்தபோதுதான் ஒவ்வொரு வரியின் இடப்பக்கத்தையும் என் மருமகள் விட்டுவிட்டாள் என்று புரிந்தது. நூலு நம்பவில்லை. "நீங்க ரெண்டு பேரும் சேர்ந்துக்கிட்டுக் கதை கட்டுறீங்க" என்று எழுந்து போய்விட்டாள். போகும்போது கதவில் இடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். சின்ன வயசு, பெரிய பொறுமை. அவள்தான் எனக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னாள்.

"கண்ணுல கோளாறு இல்ல பாட்டிம்மா. கண்ணு பாக்குது. மூளையில வலப்பக்கம் அடிபட்டதால, இடப்பக்கம்னு ஒண்ணு இருக்கறதையே அது கணக்குல எடுக்கல. எடுக்கலைங்கிறதும் அவங்களுக்குத் தெரியல."

"அப்ப அவ பிடிவாதம் பிடிக்கிறது?"

"பாதி வியாதி."

"மீதி பாதி?"

"அது நீங்கதான் சொல்லணும்" என்று சிரித்தாள்.

மீதி பாதி எனக்குத் தெரியும். அதைத்தான் நம்பினேன். ஆனால் என் மகன் நம்பவில்லை. "அவ உசிரோட இருக்கிறதே பெரிசும்மா. இனி வேலை வேண்டாம். உக்காந்து இருக்கட்டும்" என்றான். மேஸ்திரி பார்க்க வந்தபோது அவரும் அதையே சொன்னார். அந்தப் பலகையைக் கட்டச் சொன்னவர் அவர்தான். குற்ற உணர்ச்சியில் நூலு முகத்தை நேராகப் பார்க்கக்கூட முடியவில்லை அவருக்கு. "தலையில அடிபட்டவங்களை வச்சு வேலை வாங்கினா உலகம் என்ன சொல்லும் பெரியம்மா?" என்றார். நூலு அவரை முறைத்தாள். "எனக்கு என்ன ஆச்சு? நான் நல்லாத்தானே இருக்கேன்? வர்ற வாரம் வந்துடறேன்" என்றாள். மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அவர் போன மறுநாள் நான் கடைக்குப் போய்த் திரும்பினேன். வீட்டில் மீந்திருந்த பச்சைப் பெயிண்ட்டை எடுத்து நூலு என் அறைச் சுவரை அடித்து முடித்திருந்தாள். பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே, "பாத்தீங்களா? மேஸ்திரிகிட்டச் சொல்லுங்க" என்றாள்.

பார்த்தேன். வலது பாதி பச்சை. அதில் ஒரு குறை கிடையாது, ஓரம் நூல் மாதிரி நின்றது. இடது பாதி பழைய அழுக்கு மஞ்சள். நடுவில் வெட்டி ஒட்டினதுபோல் கோடு.

"முடிச்சிட்டியா?"

"முடிச்சாச்சு."

"முழுச் சுவரா?"

"பின்ன என்ன, பாதிச் சுவரா அடிப்பாங்க?"

வாயால் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்துபோயிற்று. "ஏம்மா, இங்க வா. வலது மூலையில நில்லு. உள்ளங்கையைச் சுவருல வை. எடுக்காம என்கூட இந்தப் பக்கமா நட" என்றேன். "காயலை அத்தை, கெட்டுப்போயிடும்" என்றாள். "என் சுவரு, கெடட்டும்" என்றேன்.

நடந்தாள். நான் அவளுக்கு இடப்பக்கமாக நடந்து கூப்பிட்டுக்கொண்டே போனேன். கை ஈரத்தில் வழுக்கிக்கொண்டு வந்தது. பாதிச் சுவரில் ஈரம் நின்றது. கை நின்றது. அவளும் நின்றாள். உள்ளங்கையை எடுத்துப் பார்த்தாள். பச்சை. மறுபடி வைத்தாள். சொரசொரவென்று காய்ந்த சுவர். "இன்னும் நட" என்றேன். இடது மூலையில் விரல் முட்டும்வரை காய்ந்த சுவர்தான்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் வாயிலிருந்து வந்த கெட்ட வார்த்தையை எழுத வேண்டாம் என்று பேத்தியிடம் சொல்லிவிட்டேன். திட்டி முடித்துத் தரையில் உட்கார்ந்து, "இத்தனை நாளும் இப்படித்தானா அத்தை?" என்று கேட்டாள்.

"ஆமா."

"தட்டுல?"

"ஆமா."

"தலையில?"

"ஒரு பக்கம் காக்கா கூடு மாதிரி இருக்கு."

பிறகு, "அந்தப் பயிற்சிக்காரப் பொண்ணுகிட்ட நாளைக்கே கூட்டிட்டுப் போங்க. இந்தச் சுவரை யாரும் தொடக் கூடாது" என்றாள். அதுதான் மீதி பாதி.

பயிற்சிக்காரப் பெண் ஒரு உருளைச் சிவப்பு நாடா கொடுத்தாள். எந்த வேலையானாலும் அதன் இடது ஓரத்தில் சிவப்பு. "சிவப்பைத் தேடிப் பிடிச்சதுக்கப்புறந்தான் வேலையைத் தொடங்கணும் அக்கா. கண்ணுக்குப் படலைன்னா இன்னும் இடப்பக்கம் போகணும்னு அர்த்தம்." தட்டின் இடது விளிம்பில் சிவப்பு, கண்ணாடியில் சிவப்பு, கதவு நிலையில் சிவப்பு, செய்தித்தாளின் ஓரத்தில் சிவப்பு. வீட்டைப் பார்த்தவர்கள் யாராவது சீல் வைத்துவிட்டார்களா என்று கேட்டார்கள். நான் அவளுக்கு இடப்பக்கத்தில் மட்டுமே உட்கார்ந்து பேசினேன். கேட்காத மாதிரி இருந்தால் இடது கையைக் கிள்ளினேன். பழைய கடன் எல்லாம் தீர்ந்தது.

தாளில் இருந்ததை முழுசாகப் படிக்கக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டேன். நான் படிக்காதவள், ஆனால் கேட்டதை விடாதவள். வலிப்பு மாத்திரையை நிறுத்தக் கூடாது. எட்டு மணி நேரம் தூங்க வேண்டும். தினமும் வியர்க்க நடக்க வேண்டும். பீடி, சாராயம் ஆகாது. ரத்தக்கொதிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்குள்ளேயே முடங்காமல் நாலு பேரோடு பேச வேண்டும், மூளைக்குப் புதுப்புது வேலை கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, தலையில் இன்னொரு அடி படவே கூடாது. இதை நான் தினமும் ஒப்பித்ததில் நூலுவுக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு நாள் ஆஸ்பத்திரியில் நர்ஸிடம் என் கையை நீட்டிவிட்டாள். எனக்கு ரத்தக்கொதிப்பு கண்ட மேனிக்கு ஏறிக் கிடந்தது. மாத்திரை எல்லாம் எனக்கு வேண்டாம் என்றேன்.

"என் மண்டை உடைஞ்சு ஒட்டிக்கிச்சு. உங்க மண்டைக்குள்ள நரம்பு வெடிச்சா எவன் வந்து ஒட்டுவான்? வாயைத் திறங்க" என்றாள். திறந்தேன். வேறு வழி?

ஐந்தாம் மாதம் ஒரு தடவை வலிப்பு வந்தது. மறுபடி முதலிலிருந்து. டாக்டர், "இனி இரண்டு வருஷம் வலிப்பு வரக் கூடாது. அதுவரை சாரம், ஏணி எதுவும் கிடையாது" என்றார். என் மகன் அதோடு கதை முடிந்தது என்றான். நூலு, "தரையில நிக்கிறதுக்குத் தடை சொல்லலையே" என்றாள். பின்பக்கத்துச் சன்னல் எனக்கு ஞாபகம் வந்தது.

விழுந்து பதினான்கு மாதம் கழித்து மேஸ்திரியிடம் போனோம். ஒரு மாடிக் கட்டடத்தில் உள்வேலை நடந்துகொண்டிருந்தது. "கீழ உக்காந்து உப்புத்தாள் தேய்க்கிறியா நூலு? சும்மா பொழுது போகும்" என்றார்.

"பத்தொன்பது வருஷத்துக்கு முன்னாடி தேய்ச்சேன் மேஸ்திரி. எனக்கு இடப்பக்கந்தான் போச்சு, வருஷம் போகலை. ஒரு அறை குடுங்க. மதியத்துக்குள்ள முடிக்கிறேன். மேல் ஓரத்தை வேற யாராவது பிடிக்கட்டும், கைக்கு எட்டுற வரைக்கும் என்னோடது. நீங்க லைட் அடிச்சுப் பாருங்க. தேறலைன்னா நான் இந்தப் பக்கமே வரலை."

கடைசி வார்த்தையை அவள் சொல்லியிருக்க வேண்டாம் என்று இருந்தது எனக்கு. மேஸ்திரி மறுக்க வழியில்லாமல் தலையை ஆட்டினார்.

மறுநாள் காலையில் தலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அறைக்குள் போனாள். நாலு சுவரின் இடது மூலையிலும் சிவப்பு நாடா ஒட்டினாள். பக்கத்து அறையில் வேலை செய்த மொட்டை என்கிறவன் எட்டிப்பார்த்தான்.

"என்ன நூலு, சுவரு ஓடிடும்னு கட்டி வைக்கிறியா?"

"உன் முடியை ஓட விட்ட மாதிரி விட முடியாதுடா" என்றாள்.

முதல் இரண்டு சுவரும் ஒழுங்காக முடிந்தன. சிவப்பைப் பார்ப்பாள், ரோலரை உருட்டுவாள், திரும்பச் சிவப்பைப் பார்ப்பாள். நான் வாசலோரம் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்க மாட்டேன் என்று அவளிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். நடுவில் யாரோ ஏணியை எடுக்க வந்தார்கள். மூன்றாவது சுவரில் ஒட்டியிருந்த நாடா ஏணிக்காலோடு போய்விட்டது. எடுத்தவருக்குத் தெரியவில்லை. நான் பார்த்தேன்.

நூலு ரோலரோடு அந்தச் சுவருக்கு முன்னால் வந்து நின்றாள். சிவப்பைத் தேடினாள். தலையைத் திருப்பினாள், தேடினாள். இல்லை. என் நாக்கு நுனியில் "இன்னும் இடப்பக்கம்" என்பது வந்து நின்றது. சொன்னால் வேலை கிடைக்கும். ஆனால் நாளைக்கு நான் கூட வர மாட்டேனே. நாக்கைக் கடித்துக்கொண்டேன். நிஜமாகவே கடித்துவிட்டேன், ரத்தம் கரித்தது.

அவள் அவசரப்படவில்லை. ரோலரைத் தட்டில் வைத்தாள். உள்ளங்கையைச் சுவரில் பதித்தாள். பதித்த கையோடு இடப்பக்கமாக நடந்தாள். நடந்து நடந்து, விரல் மூலையில் முட்டியதும் நின்றாள். "இங்க இருக்கியா நீ" என்று சுவரிடம் சொன்னாள். இடுப்பில் இருந்த உருளையில் புது நாடா கிழித்து ஒட்டினாள். அதற்குப் பிறகுதான் ரோலரைத் தொட்டாள்.

மதியம் மேஸ்திரி வந்தார். விளக்கைச் சுவரோடு சாய்த்துப் பிடித்தால் விட்ட இடமெல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். சுவர் சுவராகப் பார்த்துக்கொண்டு வந்தவர் நாலாவது சுவரில் கதவுக்குப் பின்னால் நின்றார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடம், இடப்பக்கம், விட்டுப்போயிருந்தது.

"நூலு... பாரு. நான் என்ன பண்றது?" என்றார். குரலில் வருத்தமும் இருந்தது, நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதியைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நூலு குனிந்து பார்த்தாள். "ஆமா, விட்டுட்டேன்" என்றாள். ரோலரை எடுத்து ஒரு உருட்டு உருட்டி மூடினாள். பிறகு மேஸ்திரி கையிலிருந்த விளக்கை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று பக்கத்து அறைக்குப் போனாள். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். மொட்டை காலையில் முடித்த சுவரில் விளக்கைச் சாய்த்தாள். ஒன்று. சன்னலுக்குக் கீழே இரண்டு. பிளக் பக்கத்தில் மூன்று. மூலையில் நாலு.

"இவனுக்கு எந்தப் பக்கம் மேஸ்திரி அடிபட்டுச்சு?" என்றாள்.

யாரோ சிரித்தார்கள். மொட்டை திருதிருவென்று விழித்தான். அவன் காலடியில் ஹெல்மெட் மல்லாந்து கிடந்தது. அதற்குள் பட்டி குழைத்து வைத்திருந்தான். நூலு அதைப் பார்த்தாள். விளக்கை என்னிடம் கொடுத்துவிட்டு ஹெல்மெட்டைத் தூக்கி, உள்ளே இருந்த பட்டியோடு, அப்படியே அவன் தலையில் கவிழ்த்தாள். பட்டி அவன் காதோரம் வழிந்து தோளில் விழுந்தது. வேலை போச்சு என்று நான் நினைத்தேன்.

"அன்னைக்கு என்னோடதுலயும் இதுதான் இருந்துச்சு" என்றாள்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. மொட்டை ஹெல்மெட்டைக் கழற்றவும் இல்லை. மேஸ்திரி முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"எல்லாருக்கும் பட்டிக்குக் கிண்ணம் வாங்கிடறேன். நாளையிலேருந்து வா. ஆனா தரையில நின்னுதான். சாரத்தைப் பத்திப் பேசக் கூடாது."

"பேச மாட்டேன். அதை டாக்டர் சொல்லட்டும். நீங்க சொல்லாதீங்க" என்றாள் நூலு.

இது நடந்து எட்டு மாதமாகிறது. முழுசாகச் சரியாகிவிட்டாளா என்று கேட்கிறார்கள். இல்லை. களைத்துப்போனால் இன்னும் இடப்பக்கம் நழுவுகிறது. சாயங்காலம் கூட்டமான தெருவில் அவளைத் தனியாக விடுவதில்லை. வேலை முடிகிற நேரத்தில் அவள் சுவரை மொட்டைதான் விளக்கு வைத்துப் பார்க்கிறான், அவன் சுவரை அவள் பார்க்கிறாள். என் அறைச் சுவர் இன்னும் பாதி பச்சை, பாதி மஞ்சள்தான். மகன் முடித்துவிடலாம் என்கிறான். சாரத்தில் ஏறுகிற அன்றைக்கு மீதியை அடிப்பாளாம். அடிக்காவிட்டாலும் இருந்துவிட்டுப் போகட்டும், என் சுவர்.

இன்று காலையிலும் வேலைக்குக் கிளம்பினாள். கதவுகிட்டே போகும்போது என்னையும் அறியாமல், "இடப்ப..." என்று ஆரம்பித்துவிட்டேன்.

"தெரியும் அத்தை" என்றாள். நிலையிலிருந்த சிவப்பைப் பார்த்து, தோளை ஒதுக்கி, இடிக்காமல் தாண்டினாள். தாண்டினவள் திரும்பி நின்று, "மாத்திரை போட்டீங்களா?" என்றாள்.

"போட்டாச்சு."

"நாக்கை நீட்டுங்க."

நீட்டினேன். மாத்திரை அதன் அடியில் இருந்தது.

"முழுங்குங்க. நான் நிக்கிறேன்" என்றாள்.

நின்றாள்.